பவர் வர்ற சத்தம்

மனித குலத்தின் முன்னேற்றத்தை இதுநாள்வரை தடுத்து வந்தது போரும் அல்ல, பஞ்சமும் அல்ல, கொள்ளைநோயும் அல்ல. அளந்து பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். இந்த உண்மையை விஞ்ஞானி தன் கல்லூரிப் படிப்பின் மூன்றாம் ஆண்டில், என்ஜின் ஆய்வகத்தில், தன் முறைக்காகக் காத்து நின்றபோது கண்டுபிடித்தான்.

அன்றைய சோதனை, ஒரு என்ஜினின் கம்ப்ரஷன் விகிதத்தைக் கண்டறிவது. சிலிண்டரில் பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம் எவ்வளவு, அது மேலே ஏறி நின்றபின் மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்று பார்த்தால், உள்ளே போகும் காற்றை அந்த என்ஜின் எத்தனை மடங்கு நசுக்குகிறது என்று தெரிந்துவிடும். அதற்காகச் சிலிண்டருக்கு மூடியாக வரும் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் குழிக்குள் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு எத்தனை மில்லி பிடிக்கிறது என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். விஞ்ஞானி, போன வருட மாணவன் ஒருவனிடம் விடையைக் கேட்டு எழுதிக்கொண்டு கேன்டீனுக்குப் போனான்.

அந்த வாரமே கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ‘சொட்டுமருந்துச் சமுதாயம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதினான். ‘சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் அதன் விட்டத்தை அளக்க உட்கார்ந்திருந்தால் நாம் இன்றைக்கும் நடந்தேதான் கல்லூரிக்கு வந்துகொண்டிருப்போம்’ என்று அதில் ஒரு வரி இருந்தது. துறைத்தலைவர்கூட அதைப் படித்துச் சிரித்தார். கெட்டது அங்கேதான் தொடங்கியது. சிரிப்பு வந்தால் சொன்னது சரி என்று அவன் நம்புகிறவன்.

விஞ்ஞானி என்பது வீட்டார் வைத்த பெயர். சின்ன வயதில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டதற்காக வைத்தார்கள். திரும்பச் சேர்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

கல்லூரி இருந்த ஊரில் அவன் அக்கா வீட்டில் தங்கிப் படித்தான். அக்காவுக்குக் குழந்தைகள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் சோப்புநீரைக்கூட மருந்துக் குப்பியின் மூடியில் ஊற்றித்தான் எடுப்பாள். அத்தானுக்குச் சலவைத் தொழில். மலைமேல் இருக்கும் ஓட்டலின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகக் கீழே கொண்டுவந்து, வெளுத்து, நீராவிப் பெட்டியில் தேய்த்து, அறைகளைச் சுத்தம் செய்கிற நேரத்துக்குள் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதற்கென்று ஒரு பழைய வேன். மலைப்பாதையில் அந்த வேன் ஏறுவதைப் பார்த்தால், மாடிப்படியில் நின்று நின்று பேச்சுக்கொடுக்கிற பெரியவர் ஞாபகம் வரும். ஓட்டல் மேனேஜர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். இன்னொரு தடவை விரிப்பு தாமதமானால் வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொள்வாராம். அத்தானுக்கு இருந்த பெரிய வாடிக்கை அது ஒன்றுதான்.

இதைச் சாப்பிடும்போது அத்தான் சொன்னார்.

“அவ்வளவுதானே அத்தான்,” என்றான் விஞ்ஞானி. “உங்க வேன்ல டர்போ இருக்கு. புகை போற வேகத்துல அது சுத்தி, காத்தை என்ஜினுக்குள்ள திணிக்குது. கம்பெனிக்காரன் பயந்துபோய்க் கொஞ்சமாத் திணிக்கிற மாதிரி வச்சிருக்கான். ஒரு நட்டைத் திருப்பினா ஜாஸ்தியாத் திணிக்கும். வேன் பறக்கும்.”

“பறக்க வேணாம் மாப்ள. ஏறினாப் போதும்.”

“ஏறும்.”

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். “உள்ள இப்ப எவ்வளவு அமுக்குதுன்னு பாத்தியா?”

“புக்ல இருக்குக்கா. எட்டரை. எட்டரை மடங்குன்னா கம்மி, இன்னும் எவ்வளவு வேணாத் திணிக்கலாம்.”

“புக்ல இருக்கறது இருக்கட்டும். இந்த வேன்ல எவ்வளவுன்னு கேட்டேன். நாங்க டோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி அந்தக் குழந்தையோட வெயிட்டைப் பாப்போம். பக்கத்துக் கட்டில் குழந்தையோட வெயிட்டைப் பாக்க மாட்டோம்.”

“அதனாலதான்க்கா உங்க ஆஸ்பத்திரியில அவ்வளவு கூட்டம். நீங்க அளந்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த குழந்தை வந்துருது.”

அத்தானுக்குப் புரையேறியது. அவ்வளவு சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டாள். விஷயம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சலவைக் கொட்டகையின் பின்னால் வேனை நிறுத்தி, கதவு ஓரத்தில் அடித்திருந்த தகட்டில் என்ஜின் வகையைப் பார்த்தான். புத்தகத்தில் அந்த வகைக்கு எட்டரை என்றே போட்டிருந்தது. ஹெட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது என்றால் நாள் முழுக்கப் பிடிக்கும். தகடு கண்ணெதிரே இருந்தது. நட்டைத் திருப்பினான். அத்தான் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து காலை வைத்தார். வேன் துள்ளிக்கொண்டு போய்க் காயப்போட்டிருந்த விரிப்பு வரிசைக்குள் புகுந்து நின்றது. வெள்ளைத் துணிக்குள்ளிருந்து அத்தானின் குரல் மட்டும் வந்தது.

“மாப்ள, நீ விஞ்ஞானிதான்டா.”

அடுத்த சில நாட்கள் அத்தானுக்கு வயது குறைந்துவிட்டது. மலைப்பாதையில் பஸ்ஸை முந்தினார். எதற்காக முந்தினோம் என்று தெரியாமல் மேலே போய் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்பதை வீட்டில் மூன்று பேரிடம் மூன்று விதமாக நடித்துக் காட்டினார், மூன்றாமவர் பால்காரர்.

விஞ்ஞானி ஒரு நாள் கூடப் போனான். ஏற்றத்தில், மூட்டைகளின் பாரத்தோடு, அத்தான் காலை அழுத்தியபோது என்ஜினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி.

“என்ன மாப்ள இது, புதுசா?” என்றார் அத்தான்.

விஞ்ஞானிக்கு அது என்ன சத்தம் என்று தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு அரை விநாடி போதும். அந்த அரை விநாடியில் அத்தான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். டாக்டர் முகத்தைப் பார்க்கிற பார்வை.

“பவர் வர்ற சத்தம் அத்தான்.”

“அப்படியா?” அத்தான் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சத்தம் கூடியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே மலை ஏறினார்கள். ஒரு கட்டத்தில் அத்தான் அதற்குத் தாளம் போட்டார்.

அதன்பிறகு அத்தான் சத்தம் வருகிறவரை மிதிக்கத் தொடங்கினார். சத்தம் வரவில்லை என்றால் குறை என்று நினைத்தார். பெட்ரோல் பங்க்கில் தன் சிநேகிதரிடம், “கேளு, கேளு, அதான் பவர்,” என்று என்ஜினை உறுமவிட்டுக் காட்டினார். நின்ற இடத்தில் அந்தச் சத்தம் வராததால், “ஏத்தத்துல வா, காட்டுறேன்,” என்று கூப்பிட்டார். அந்தச் சிநேகிதர் பங்க்கில் நெடுங்காலமாகப் பெட்ரோல் அடிப்பவர். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். சாயங்காலங்களில் பங்க்கின் பின்புறம் கேரம் ஆடுவார்கள். யார் ஜெயித்தாலும் சண்டை வரும். சண்டை வந்தால்தான் மறுநாள் ஆட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாதி மலையில், முழு மூட்டையோடு வேன் நின்றுவிட்டது. புகை வந்தது, எண்ணெய் வந்தது, பவர் வரவில்லை. அத்தான் ஒரு வாடகை ஆட்டோவைப் பிடித்து மூட்டைகளை இரண்டு நடையாக மேலே ஏற்றினார். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை அத்தான் அதை நடித்துக் காட்டவில்லை.

பட்டறைக்காரர் என்ஜினைப் பிரித்தார். எல்லா வண்டிகளின் எல்லா நோய்க்கும் ஒரே காரணம் சொல்கிறவர் அவர்.

“கலப்படப் பெட்ரோல்,” என்றார், இன்னும் ஹெட்டைக் கழற்றி முடிக்காமலே. “இப்ப வர்ற பெட்ரோல்ல பெட்ரோலைத் தவிர மத்த எல்லாம் இருக்கு சார்.”

“நான் எப்பவும் ஒரே இடத்துலதானே போடுறேன்,” என்றார் அத்தான்.

“அதான் சொல்றேன். ஒரே இடம்.”

விஞ்ஞானி மேஜைமேல் வைத்திருந்த பிஸ்டன்களைப் பார்த்தான். ஒன்றில் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு பெயர்ந்து போயிருந்தது. ஆனால் அவன் கண் நின்றது அதன் தலையில். தலை தட்டையாக இருந்தது. டம்ளர்மேல் கவிழ்த்தால் மூடி மாதிரி உட்காரும். புத்தகத்தில், எட்டரை என்று போட்ட பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அந்தப் பிஸ்டனின் தலையில் கிண்ணம் மாதிரி குழி.

புரிய அதிக நேரம் ஆகவில்லை. அத்தான் வாங்குவதற்கு முன்பே யாரோ இந்த வேனில் வேறு என்ஜினை மாட்டியிருக்கிறார்கள். அதே கம்பெனி, அதே உடம்பு, ஆனால் டர்போ இல்லாத வண்டிக்காகச் செய்த என்ஜின். தட்டைப் பிஸ்டன், அதிக நசுக்கல். பழைய என்ஜினின் டர்போவை அதன்மேல் ஒட்டவைத்திருக்கிறார்கள். கொஞ்சமாகத் திணித்தவரை அது பொறுத்துக்கொண்டது. கதவுத் தகடு சொன்னது அந்தக் கதவோடு பிறந்த என்ஜினைப் பற்றி. அக்கா கேட்டது சரிதான். அவன் பக்கத்துக் கட்டில் குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு இந்தக் குழந்தைக்கு டோஸ் ஏற்றியிருக்கிறான்.

ஏற்கெனவே நிறைய நசுக்குகிற இடத்தில் மேலும் காற்றைத் திணித்தால், பிளக் பற்றவைத்த தீ போய்ச் சேருவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தானாக வெடிக்கும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்த மாதிரி. அதுதான் கூழாங்கல். பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அத்தான் அவன் தோளில் கை வைத்து, “நீ மனசை விடாத மாப்ள,” என்றார். “நீ நல்லாத்தான் பண்ணின. நான்தான் மட்டமான பெட்ரோலைப் போட்டுக் கெடுத்துட்டேன்.”

மன்னிப்பு கேட்கிறவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்வது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. விஞ்ஞானி வாயை மூடிக்கொண்டான். முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டான். அது மட்டும் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் அத்தான் நடந்தே பங்க்குக்குப் போனார். விஞ்ஞானியும் பின்னால் போனான். கைகலப்பு ஆனால் தடுக்கலாம் என்று நினைத்தான், அல்லது அப்படி நினைத்ததாக நினைத்தான்.

“என்னத்தைடா கலந்து வச்சிருக்க?” என்றார் அத்தான்.

சிநேகிதர் சிரித்தார். “கேரம் பவுடர். ஏன், நேத்து தோத்தது இன்னும் போகலயா?”

“விளையாடல. என் என்ஜின் போச்சு.”

சிநேகிதரின் முகம் மாறியது. ஒரு கண்ணாடிக் குடுவையில் பெட்ரோலைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். தெளிவாக இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பசையைக் குச்சியில் தடவி முக்கினார். நிறம் மாறவில்லை. வடிகட்டும் தாளில் ஒரு சொட்டு விட்டார். கறையில்லாமல் ஆவியானது. ஒவ்வொன்றையும் அத்தானிடம் காட்டிவிட்டு விஞ்ஞானியிடமும் காட்டினார்.

“தம்பி, நீ படிச்சவன். நீயே சொல்லு. இதுல என்ன குறை?”

“பாத்தா... தெரியலண்ணே,” என்றான் விஞ்ஞானி.

வாழ்க்கையில் அவன் பேசிய மிகச் சிறிய பொய் அது. இலக்கணப்படி பார்த்தால் பொய்கூட இல்லை.

“பாத்தாத் தெரியாத மாதிரிதானே கலப்பானுங்க,” என்றார் அத்தான். “என் பொழப்பைக் கெடுத்துட்டியேடா. வேற யாரும் பண்ணியிருந்தாக்கூடப் போகட்டும்னு விட்டிருப்பேன்.”

சிநேகிதர் குடுவையிலிருந்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றினார். கொஞ்சம் தரையில் சிந்தியது. “போயிட்டு வா,” என்றார். எப்போதும் ‘போடா’ என்கிறவர்.

அதற்குப்பின் அத்தான் சாயங்காலங்களில் வீட்டிலேயே இருந்தார். தொலைக்காட்சியில் எது ஓடினாலும் பார்த்தார். விஞ்ஞானிக்கு நகைச்சுவை வறண்டுவிட்டது. சுவர்ப் பத்திரிகைக்காரர்கள் கட்டுரை கேட்டார்கள். தலைப்பு மட்டும் எழுதிக் கொடுத்தான். அதையும் திரும்ப வாங்கிக்கொண்டான். சாப்பாட்டு நேரத்தில் அக்கா, “வேன் நின்னது என் தம்பி செஞ்ச வேலையால இல்ல, அதுவரைக்கும் நிம்மதி,” என்று சொன்னபோது, இன்னும் கொஞ்சம் சோறு வை என்று தட்டை நீட்டினான். தட்டில் சோறு நிறைய இருந்தது.

பட்டறைக்காரர் உடைந்த பிஸ்டனைக் கொண்டுபோய் அதே மாதிரி புதிய செட் வாங்கி வந்தார். தட்டைத் தலை. சிலிண்டரில் பொருத்திவிட்டார். மறுநாள் ஹெட்டை மாட்டினால் வேலை முடிந்தது. ஓட்டல் மேனேஜரும் இறங்கி வந்திருந்தார். சீசன் தொடங்குகிறது, வண்டி தயாரானதும் நேரத்துக்கு வர வேண்டும், இனி ஒருமுறை நின்றால் பேச்சே இல்லை என்றார்.

“மாப்ள,” என்றார் அத்தான் காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. “என்ஜின் மாட்டினதும் அந்த நட்டை நீ அன்னைக்குத் திருப்பின மாதிரியே திருப்பி வச்சுரு. அந்தச் சத்தம் வந்துச்சு பாரு, அதே மாதிரி வரணும். பெட்ரோலை நான் வேற பங்க்ல போட்டுக்கறேன்.”

விஞ்ஞானி சரி என்றான். அவர் போனபின் சமையலறைக்குள் போய் அக்காவின் பக்கத்தில் நின்றான்.

“அக்கா, ஒரு பெரிய சிரிஞ்ச் வேணும். ஊசி வேணாம்.”

“யாருக்கு என்ன?”

“வேனுக்கு.”

அக்கா அவனைப் பார்த்தாள். கிண்டல் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்குக் கிடைத்திருக்காது. அவள் கையைத் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து உறை பிரிக்காத சிரிஞ்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “காத்து இல்லாமப் பாத்து இழு,” என்றாள். அவ்வளவுதான். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பட்டறைவரை கொஞ்சம் நிம்மதியாக நடந்திருப்பான்.

பட்டறைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஹெட் மேஜையில் கிடந்தது. விஞ்ஞானி அதைக் கவிழ்த்து, அடியில் கட்டைகள் கொடுத்து மட்டமாக நிறுத்தினான். பிளக்கை மாட்டினான். வால்வுகள் நன்றாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்தான். புகைப்படச் சட்டத்திலிருந்து கழற்றிய பிளாஸ்டிக் தகட்டில் ஓரமாக ஒரு துளை போட்டுக் கொண்டுவந்திருந்தான். குழியைச் சுற்றிக் கிரீஸ் தடவித் தகட்டை அழுத்தி ஒட்டினான். பிறகு சிரிஞ்சில் மண்ணெண்ணெயை இழுத்து, துளை வழியாக மெல்ல விட ஆரம்பித்தான்.

தகட்டுக்கடியில் மண்ணெண்ணெய் பரவியது. ஒரு காற்றுக் குமிழி மூலையில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. தட்டிப் பார்த்தான். ஹெட்டை ஒரு விரற்கடை சாய்த்தான். குமிழி துளைப் பக்கம் நகர்ந்து வந்து, வெளியேறியது. ஒரு சொட்டு விட்டான். இன்னும் ஒரு சொட்டு.

“என்ன மாப்ள, வேனுக்கு ஊசி போடுறியா?”

அத்தான் வாசலில் நின்றிருந்தார்.

“அளக்குறேன் அத்தான்.”

“நீயா?” அத்தான் சிரித்தார். சிரித்தவர், அவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விஞ்ஞானி சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தச் சத்தம் பவர் இல்ல அத்தான். பிஸ்டன் உடையிற சத்தம். எனக்கு அப்ப என்னன்னே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். இது வேற என்ஜின், இதுக்கு நான் அவ்வளவு காத்து ஏத்தியிருக்கக் கூடாது. பெட்ரோல் நல்ல பெட்ரோல்தான்.”

அத்தான் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். வெளியே யாரோ தகரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

“நான் அதை மிதிச்சேனே,” என்றார்.

“ஆமா.”

“நீ சொன்னேன்னு மிதிச்சேன்.”

“ஆமா அத்தான்.”

“பிரிச்சுப் போட்ட அன்னைக்கே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அத்தான் தலையைத் தடவிக்கொண்டார். “அவன் ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துக் காட்டினானேடா. உன்கிட்டயும் காட்டினானே.” அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது. “நான் என்னென்னமோ பேசிட்டு வந்துட்டேன்.”

“நான் போய்ச் சொல்லிடுறேன் அத்தான்.”

“நீ போவ. ஆனா முதல்ல நான் போகணும். பேசினது நான்.” அவர் எழுந்தார். “இந்த நட்டு?”

“கம்பெனி வச்சதைவிடக் குறைச்சுத்தான் வைக்கணும். மெதுவாத்தான் ஏறும். நேரத்துக்குப் போகணும்னா இருட்டுலயே கிளம்பணும்.”

“மூட்டை ஏத்தி இறக்க ஆள்?”

“நான் வர்றேன்.”

“காலேஜு?”

“இறக்கிட்டுப் போறேன்.”

 வாசல்வரை போனவர் திரும்பி, மாப்ள என்று கூப்பிடாமல், “ஒழுங்கா அள,” என்றார். பிறகு தெருவில் இறங்கி, பங்க் இருக்கிற பக்கமாக, வெயிலில் நடந்து போனார்.

விஞ்ஞானி சிரிஞ்சைப் பார்த்தான். முப்பத்துமூன்று மில்லி. வெர்னியரை எடுத்துச் சிலிண்டரின் விட்டத்தையும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தையும் அளந்தான். ஹெட்டுக்கு அடியில் வரும் கேஸ்கெட்டின் கனம், பிஸ்டன் தலைக்கும் விளிம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்தான். கணக்குப் போட்டால் பத்து புள்ளி நாலு வந்தது. எட்டரை வர வேண்டுமானால் உள்ளே இன்னும் பத்து மில்லி இடம் இருந்திருக்க வேண்டும். அக்காவின் மருந்தகக் கணக்கில் அது இருமல் மருந்து, இரண்டு ஸ்பூன்.

விடை கிடைத்துவிட்டது. முன்பென்றால் இந்நேரம் கேன்டீனில் இருந்திருப்பான். ஆனால் அந்தக் குமிழி முழுக்கப் போயிற்றா, அதன் வால் ஏதாவது கிரீஸின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததா என்று சந்தேகமாக இருந்தது. அத்தானோடு பேசும்போது கை வேறு ஆடியிருக்கலாம்.

மண்ணெண்ணெயை வடித்தான். குழியைத் துணியால் துடைத்து, உலரும்வரை காத்திருந்தான். புதிதாகக் கிரீஸ் தடவித் தகட்டை ஒட்டினான். சிரிஞ்சில் காற்று இல்லாமல் இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் சொட்டை விட்டான்.